மேல காஞ்சிருக்கு, உள்ள காயலை

தை கடைசியில் எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் பாதி ரோட்டில்தான் ஓடும். மீதிப் பாதி நெல்லுக்கு. டிரைவர் முணுமுணுக்க மாட்டார், அவர் வீட்டு நெல்லும் வேறு ஏதோ ஒரு ரோட்டில் காய்ந்துகொண்டிருக்கும். இரவில் பைக்கில் வருகிறவர்களுக்கு இது ஆபத்து என்பது எங்களுக்கும் தெரியும். களம் இல்லாத ஊரில் வேறு எங்கே கொட்டுவது?

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை கோடிங், சனி ஞாயிறு நெல்லுக்குக் காவல். இது வேறு உலகம், அது வேறு உலகம் என்று போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை சம்பாவுக்கு அப்பா போட்டது பொன்மணி, அதாவது சிஆர் 1009. நூற்றைம்பத்தைந்து நாளுக்கு மேல் வயலில் நிற்கிற நீண்ட காலப் பயிர். முன்பெல்லாம் கையால் அறுத்து, அரி காய்ந்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து வீட்டுக்கு வருவதற்குள் நெல் பாதி காய்ந்திருக்கும் என்பார் அப்பாயி, அப்பாவின் அம்மா. இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வந்து அரை நாளில் அறுத்துப் படுதாவில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. வேலை முடிந்துவிடுகிறது, ஈரம் அப்படியே இருக்கிறது. பக்கத்து ஊர் வியாபாரி ஒருவர் வைத்திருக்கும் ஈரப்பத மானியை இரவல் வாங்கிப் பார்த்தோம். 21 காட்டியது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு முழு நாள் நல்ல வெயில். நானும் தம்பியும் அரை மணிக்கு ஒரு தரம் காலால் துழாவி விட்டோம். சாயங்காலம் நாலரை மணிக்கு அதே மானியில் 16.8. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அன்று இரவே சாக்கில் பிடித்து, விடிந்ததும் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அங்கே பட்டியல் எழுத்தர் மூன்று சாக்கில் குத்தூசி விட்டு நெல் எடுத்து மானியில் போட்டார். 18.4.

"மேல காஞ்சிருக்கு, உள்ள காயலைண்ணே. இன்னும் ஒரு வெயில் காட்டிக் கொண்டாங்க."

அவர் கோபமாகவும் சொல்லவில்லை, கறாராகவும் சொல்லவில்லை. தினமும் ஐம்பது பேரிடம் சொல்கிற வாக்கியம் போலச் சொன்னார். திரும்பி வரும்போது அப்பா டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "ரெண்டு மிஷின்ல எது பொய் சொல்லுது? நீதானே கம்ப்யூட்டர் படிக்கிற, பாத்துச் சொல்லு பாப்பா" என்றார்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிறவள் என்றால் டிவி ரிமோட்டிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டர் வரை அத்தனைக்கும் பொறுப்பு. அதனால் கேள்வி புதிதில்லை. ஆனால் இதற்குப் பதில் தேடியபோதுதான், கையில் வைத்துப் பார்க்கிற ஒரு கருவி எதை அளக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது புரிந்தது.

இந்த மானிகள் தண்ணீரை நேராக எடை போடுவதில்லை. நெல் வழியாக மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிட்டுச் சொல்கின்றன. காய்ந்த தானியம் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், தண்ணீர் வேறு மாதிரி. நெல் சூடாக இருந்தால் கணக்கு மாறும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. வெயிலில் வேகமாகக் காயும்போது மணியின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் நிற்கும். நிழலில் சில மணி நேரம் சேர்ந்து கிடந்தால் உள் ஈரம் மெல்ல வெளியே பரவி மணி முழுக்கச் சமமாகும். சாயங்காலம் 16.8 என்று சொன்ன மானியும் பொய் சொல்லவில்லை, காலையில் 18.4 என்று சொன்னதும் பொய் சொல்லவில்லை. இடையில் ஒரு ராத்திரி இருந்தது.

இதை நான் பெரிய கண்டுபிடிப்பு போல வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பாயி முறத்தில் கருக்காய் புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதுக்குத்தாண்டி சாயங்காலம் அம்பாரம் போட்டு மூடுறது. வெயில்லேருந்து எடுத்தவொடனே கடிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி ஆற விட்டு, காலைல கடி. டொக்குன்னு ஒடைஞ்சா காஞ்சிருக்கு. நசுங்குனா இன்னொரு வெயிலு."

அவருடைய பல்லில் இப்போது மிச்சம் இருப்பது நாலோ ஐந்தோ. ஆனாலும் அவர்தான் எங்கள் முதல் மானி.

சரி, ஒரு விஷயத்தில் அசடு வழிந்தாயிற்று, அடுத்ததில் பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். காயக் காய எடை எவ்வளவு குறையும் என்று அப்பா கேட்டார். எக்செல் திறந்து பத்து நிமிடத்தில் அழகான அட்டவணை போட்டேன், வண்ணமெல்லாம் கொடுத்து. 21 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு வந்தால் நாலு சதவீதம் குறைவு, 40 கிலோ சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, 1.6 கிலோ போகும், பத்துச் சிப்பம் 400 கிலோ என்றால் 384 கிலோ நிற்கும். அப்பா ஏற்கெனவே அறுத்த அன்று பத்து மூட்டையைத் தனியாக எடை போட்டு வைத்திருந்தார். இரண்டாம் வெயிலும் காட்டி, இரவு மூடி வைத்து, காலையில் நிறுத்தால் 381 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

"மூணு கிலோ எங்க போச்சு? காக்கா தின்னுச்சா?"

தராசைச் சந்தேகப்பட்டோம். தம்பியைச் சந்தேகப்பட்டோம், அவன் காவலுக்கு உட்கார்ந்து போனில் கேம் ஆடுகிறவன். சூத்திரத்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது எக்செல்லில் இருந்தது. கட்டம் கட்டமாக, இரண்டு தசம இடத்தோடு இருக்கிற எண்ணைப் பார்த்தால் தப்பாக இருக்கும் என்று தோன்றுவதே இல்லை. இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதும் அப்பாயிதான். "தண்ணிதான் போவும். அரிசி எங்க போவும்?" என்றார் சும்மா, காக்காவுக்குப் பரிந்து பேசுகிற மாதிரி.

அரிசி போகாது. அதுதான் கணக்கு. 40 கிலோ சாக்கில் 21 சதவீதம் ஈரம் என்றால் தண்ணீர் 8.4 கிலோ, தண்ணீர் நீங்கலாக நெல் 31.6 கிலோ. எத்தனை வெயில் காட்டினாலும் இந்த 31.6 மாறாது. காய்ந்த பிறகு இதே 31.6 கிலோதான் மொத்த எடையில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 31.6ஐ 0.83ஆல் வகுத்தால் 38.07 கிலோ. ஒரு சிப்பத்துக்குக் குறைவது 1.6 இல்லை, 1.93 கிலோ. பத்துச் சிப்பத்துக்கு 380.7 கிலோ. காக்கா நிரபராதி.

நான் செய்த தப்பு எளிமையானது. முதல் சதவீதம் ஈரநெல்லின் எடையில், இரண்டாவது சதவீதம் காய்ந்த நெல்லின் எடையில். அடி வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டேன். இது பள்ளிக்கூடப் பாடம். அதை நான் எங்கே கோட்டை விட்டேன் என்றும் எனக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது நான் ஒன்பதாவது. அந்த ஆண்டும் ஆல் பாஸ், அடுத்த ஆண்டு பத்தாவதும் ஆல் பாஸ். எங்கள் செட்டின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அது பகலில் அப்பா சட்டைப்பையில் வயலுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் வரும் பாடத்தை ராத்திரி எட்டு மணிக்கு மேல் நானும் தம்பியும் சண்டை போட்டுப் பார்ப்போம். கல்வித் தொலைக்காட்சியில் பார்த்தது கொஞ்சம். யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. பார்த்ததெல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. பிறகு பதினொன்று, பன்னிரண்டில் ஓடி ஓடி மார்க் வாங்கிவிட்டேன், அதனால் ஓட்டை வெளியே தெரியவில்லை.

மேல காஞ்சிருக்கு, உள்ள காயலை. அந்த வாக்கியம் என்னைக் கும்பகோணம் பஸ் வரைக்கும் துரத்தியது.

ஏனென்றால் கல்லூரியிலும் அதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டில் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்துக்கு யூடியூபில் ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்ப்பேன். லிங்க்ட் லிஸ்ட், அதாவது ஒவ்வொரு தகவலும் அடுத்தது எங்கே என்று அம்பு காட்டும் சங்கிலி, அதன் நடுவில் புதிதாக ஒரு கண்ணியை (நோடை) எப்படிச் சேர்ப்பது என்று வீடியோவில் வாத்தியார் அம்புக்குறி போட்டுக் காட்டும்போது தலை தானாக ஆடும். லேபில் வெறும் திரையைத் திறந்தால் கை ஆடாது. எந்த அம்பை முதலில் மாற்றுவது என்பதிலேயே நின்றுவிடுவேன். முதலில் பழைய அம்பை வெட்டிவிட்டால் மீதிச் சங்கிலி முழுக்கப் போய்விடும் என்பதை ஆறு தடவை வீடியோவில் பார்த்திருக்கிறேன், ஏழாவது தடவை லேபில் வெட்டிவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கேட் போட்டால் போட்டதுதான். நெல்லும் அரிசியும் ஏற்றிய கூட்ஸ் முன்னும் பின்னும் போய் வரும், இரண்டு பக்கமும் பஸ் வரிசை நிற்கும். ஊரிலிருந்து நீடாமங்கலம் வரை டவுன் பஸ், எங்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கிருந்து வலங்கைமான் வழியாகக் கும்பகோணத்துக்கு வேறு பஸ். கேட்டில் நிற்கிற நேரத்தில் முன்பு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது போனைப் பையில் போட்டுவிட்டு, முந்தின நாள் பார்த்த பாடத்தை நாற்பது பக்க நோட்டில் நினைவிலிருந்து எழுதுகிறேன். அன்றே எழுதக் கூடாது, அதுதான் விஷயம். ஒரு ராத்திரி தாண்டி எழுதினால்தான் எது நிற்கிறது, எது வடிந்துவிட்டது என்று தெரிகிறது. தெரியாத இடத்தில் கோடு போட்டு வெறுமனே விட்டுவிடுவேன். கல்லூரிக்குப் போய் அந்தக் கோட்டை மட்டும் தேடிப் படிப்பேன். ஒரு மணி நேர வீடியோவில் உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது நாலு நிமிடம் என்பது பல நாள் தெரியவந்தது.

புரோகிராமை நோட்டில் பேனாவால் எழுதுவது கிறுக்குத்தனம் என்று தோழிகள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாளில் ரன் பட்டன் கிடையாது. ஒவ்வொரு வரியிலும் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு புரோகிராம் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ரிகர்ஷன் எனக்குப் புரிந்தது அப்படித்தான், வலங்கைமானுக்கு முன்னால் ஏதோ ஒரு நிறுத்தத்தில்.

ஏஐ பற்றிச் சொல்லாமல் போனால் ஒளித்த மாதிரி ஆகும். பயன்படுத்துகிறேன், தினமும். அதில் பட்ட சூடு ஒன்று உண்டு. 2025 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்த சமயம், குறுவைக்கு என்ன போடலாம் என்று வீட்டில் பேச்சு. நான் பந்தாவாக ஒரு ஏஐ செயலியிடம் கேட்டேன். அது கொடுத்த பட்டியலில் பொன்மணியும் இருந்தது, வயதும் பொருத்தமும் போட்டு வெகு நம்பிக்கையாக. வாசித்துக் காட்டினேன். அப்பா சிரித்த சிரிப்பு மறக்காது. ஜூன் நடுவில் விதைத்தால் கார்த்திகை பிறக்கும்போதுதான் அது கதிர் முற்றி நிற்கும். "அடைமழையில படகு விட்டுத்தான் அறுக்கணும்" என்றார். குறுவை என்றால் நூற்றிருபது நாளுக்குள், மழைக்கு முன்னால் கையில் வர வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். எனக்கே தெரியும், கேட்கும்போது யோசிக்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பதில் சரியா என்று சோதிக்க என்னிடம் ஒரு வழி இருந்தால் மட்டும் ஏஐயிடம் கேட்பேன். கோட் என்றால் ஓட்டிப் பார்க்கலாம், ஓடாவிட்டால் தெரிந்துவிடும். நெல் என்றால் அப்பா இருக்கிறார். ஆங்கிலக் கடிதம் என்றால் நானே படித்துப் பார்க்க முடியும். சோதிக்க வழியில்லாத விஷயத்தை அது சொன்னால் கேட்டுக்கொள்வேன், அசைன்மென்ட்டில் ஒட்ட மாட்டேன். இன்னொன்று, விடையைக் கேட்காமல் என் விடையைக் கொடுத்து எங்கே தப்பு என்று கேட்டால் அது நல்ல வாத்தியார். அந்த எடைக் கணக்கில்கூட என் சூத்திரத்தைக் கொடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அட்டவணைக்கு வண்ணம் கொடுக்கத் தெரிந்தவளுக்கு அது தோன்றவில்லை.

என் லேப்டாப் பற்றி இரண்டு வரி, யாருக்காவது உதவும். பெரியப்பா மகள் பன்னிரண்டாவது முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. எனக்கு வந்தபோது ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வரலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயைச் சேர்த்து வைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டேன். கூடவே விண்டோஸுக்குப் பதில் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்று. இப்போது அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. பேட்டரி மட்டும் செத்ததுதான், கரண்ட் போனால் அதுவும் போகும். அதனால் பாடம் எல்லாவற்றையும் முந்தின இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்வேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நான் எட்டாவது. எங்கள் தெருவுக்கு கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று, கோயில் வாசலில் ஜெனரேட்டர் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு போனுக்கு சார்ஜ் போட்டார்கள். அன்றிலிருந்து முக்கியமான நம்பர் எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் பேனாவால் எழுதியிருக்கும். அதை வெள்ளையடிக்க அம்மா இன்னும் விடவில்லை.

அட்டவணைக்கு வருகிறேன். சூத்திரத்தைத் திருத்தி, தமிழில் அச்செடுத்து அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று நீடாமங்கலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். ஃபைல் திறந்தால் தமிழ் சரியாக வந்தது, ஏனென்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடில் அடித்திருந்தேன். முதல் ஆண்டில் ஒரு விண்ணப்பத்தைப் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்துப் பென் டிரைவில் கொண்டுபோய், கடைக் கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாக விரிந்து, கடைசி தேதியன்று கண்ணில் தண்ணீர் விட்டேன். அதற்குப் பிறகுதான் தமிழ்99 பழகினேன். 1999இலேயே அரசு தரப்படுத்திய விசைப்பலகை, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை தானாகப் போகும்.

அச்செடுத்த தாளை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார். 17 சதவீதத்துக்குக் கொண்டுவர, 40 கிலோ சிப்பம் என்ன ஆகும்: 18 என்றால் 39.52, 19 என்றால் 39.04, 20 என்றால் 38.55, 21 என்றால் 38.07, 22 என்றால் 37.59.

"பாயிண்டுக்கு அரைக் கிலோ போவுது. அவ்ளோதானே? இதுக்கா இத்தனை கட்டம்?"

நான் மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் 480 கிராம் சொச்சம். ஆமாம், அவ்வளவுதான். கட்டங்கள் வழியாகப் போன எனக்கு அது கண்ணில் படவில்லை. இதற்கு ஒரு செயலி செய்து கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டாகக் கொடுக்கலாம் என்று திட்டம் வேறு வைத்திருந்தேன். அப்பா அந்த அரைக் கிலோவைத் தன் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். தாள் பத்தாயத்துக் கதவில் ஒட்டியிருக்கிறது. பத்தாயத்துக்குள் இப்போது நெல் இல்லை, பழைய துணியும் காலி யூரியா சாக்கும்தான்.

ஆனால் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தேன், அது அவருக்குப் பிடித்தது. பயத்தில் அதிகமாகக் காய வைத்தால் என்ன ஆகும் என்பது. 17இல் நிறுத்தாமல் 14 வரைக்கும் போனால் சிப்பத்துக்கு மேலும் 1.4 கிலோ குறையும். 2025-26 பருவத்தில் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2500 ரூபாய், அதாவது கிலோ 25. சிப்பத்துக்கு 35 ரூபாய் வெயிலோடு போகிறது. நூறு சிப்பம் என்றால் 3500. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே எங்கள் ஊரில் பலர் மொறுமொறுவென்று காய வைத்துக் கொண்டுபோகிறார்கள். விதை நெல்லுக்கு என்றால் 13க்குள் இருக்க வேண்டும், அது வேறு. விற்கிற நெல்லுக்கு எதற்கு?

"அப்ப காலைல மூடியைத் தொறந்து ஆற விட்டு மானி வச்சுப் பாத்துட்டு, பதினேழுக்குப் பக்கத்துல இருந்தா ஏத்திர வேண்டியதுதான்" என்றார். இரண்டாம் தடவை அப்படித்தான் ஏற்றினோம். மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், நாலு சாக்கின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து பார்த்தோம். அப்பாயியும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார், ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தில் 16.9 வந்தது. எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார்.

திங்கட்கிழமை காலை கேட் போட்டிருந்தது. நோட்டை எடுத்து பைனரி சர்ச் எழுதிக்கொண்டிருந்தேன், நடுவில் ஓர் இடத்தில் கோடு போட்டு விட்டிருந்தேன். கூட்ஸ் மெதுவாகப் போனது. பக்கத்து சீட் அம்மா, "எங்க வீட்டு நெல்லும் இதுலதான் போவுதோ என்னமோ" என்றார். எங்களுடையது இதில் இல்லை. அது இன்னும் நிலையத்து வாசலில், தார்ப்பாய் போட்டு மூடி, லாரிக்காக அடுக்கியிருந்தது.